கெண்டைக்கால் துடித்த கதை

டிசம்பரில் ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிப்பார்கள். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் எனக்கு அப்போது தூக்கம் பாதி, காப்பி இரட்டிப்பு. ஆள் கணக்கும் கிலோ கணக்கும் முடித்துப் படுக்கப் பன்னிரண்டு மணி ஆகும். அப்படி ஓர் இரவில்தான் இடது கெண்டைக்கால் துடிக்க ஆரம்பித்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தேன். தோலுக்கடியில் புழு நெளிவது போல் சதை தானாக எழுந்து அடங்கியது. வலி இல்லை. எழுந்து நடந்தால் நின்றது. படுத்தால் தொடையில் துடித்தது.

ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்கு இறங்கி அம்மாவிடம் சொன்னேன். "வலது காலா, இடது காலா?" என்றார். இடது என்றதும் முகம் சுருங்கிவிட்டது. ஆணுக்கு இடப்பக்கம் துடித்தால் ஆகாதாம். பஞ்சாங்கத்தைத் தேட உள்ளே போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரரோ நரம்புத் தளர்ச்சி என்று தீர்ப்பே சொல்லிவிட்டார். இருவரையும் பார்த்துச் சிரித்த நான், அன்றிரவு கைப்பேசியில் தேடி அவர்களைவிடப் பெரிய முட்டாளானேன். விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்த, சதையெல்லாம் மெல்ல மெல்லப் பலமிழக்கும் நோய்தான் கண்ணில் பட்டது. அதன்பின் சட்டைப் பொத்தான் போடும்போதெல்லாம் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அருகில் இருந்த ஒரு மருத்துவமனையில் இரத்தத்தில் அளவு எதுவும் பார்க்காமலே வைட்டமின் பி12 ஊசி ஐந்து போட்டார்கள். துடிப்பு குறையவில்லை. 'முழு உடல் பரிசோதனை' என்று ஓர் ஆய்வகத்தில் பணம் கட்டினேன். சர்க்கரை, தைராய்டு, கால்சியம், பொட்டாசியம் எல்லாம் சரி என்று பல பக்க அறிக்கை வந்தது. நிம்மதிக்குப் பதில் பயம்தான் கூடியது. எல்லாம் சரி என்றால் பிறகு ஏன் துடிக்கிறது?

பிப்ரவரியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். அம்மாவும் கூட வந்தார். மூன்று மணி நேரம் காத்திருந்து உள்ளே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "துடிக்கிறது என்கிறீர்கள், விண்விண்ணென்றா, வெடுக்வெடுக்கென்றா?" விண்விண் என்று நாடியோடு சேர்ந்து துடித்தால் இரத்தக் குழாய் பக்கம் பார்க்க வேண்டுமாம். தாளம் தப்பி வெடுக்கென்று சுண்டினால் அது சதை. என்னுடையது இரண்டாவது வகை.

நுனிக்காலில் நடக்கச் சொன்னார், பிறகு குதிகாலில். நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். டேப்பால் இரண்டு கெண்டைக்காலையும் அளந்தார், ஒரே அளவு. முட்டியில் சுத்தியலால் தட்டினார். "துடிப்பு மட்டும் இருப்பது வேறு, துடிக்கிற இடத்தில் பலம் குறைந்து, சதை இளைத்தால் அது வேறு. உங்களுக்குப் பலம் குறையவில்லை" என்றார். ஊசி செருகிப் பார்க்கும் தசைப் பரிசோதனை இப்போது வேண்டாம் என்றதும், உண்மையைச் சொன்னால், எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

"தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?"

"இல்லை டாக்டர்."

"காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போடுகிறானே" என்றார் அம்மா.

அதை நான் மாத்திரைக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. காப்பி குடித்துக் குடித்து நெஞ்செரிச்சல் வந்து, மருந்துக் கடையில் நானே கேட்டு வாங்கிய பான்டோபிரசோல். நான்கு வருடமாக ஓடுகிறது. மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்த வகை மாத்திரையை ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டால் சிலருக்கு இரத்தத்தில் மக்னீசியம் குறையும், அது குறைந்தால் சதை இப்படித் துடிக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011லேயே இதை எச்சரித்திருக்கிறது. என் பல பக்க அறிக்கையில் மக்னீசியம் இல்லவே இல்லை. அதைத் தனியாகத்தான் கேட்டு எடுக்க வேண்டியிருந்தது.

முடிவு டெசிலிட்டருக்கு 1.3 மில்லிகிராம். அறிக்கையில் அச்சிட்டிருந்த குறைந்தபட்ச அளவு 1.7. ஏற்காடு அடிவாரத்துக்குப் போகும் வழியெல்லாம் எங்கள் ஊரில் வெள்ளைக்கல் வெட்டுகிறார்கள். அது மாக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட். அந்த வெள்ளைக் குன்றுகளைத் தாண்டித்தான் இத்தனை வருடமாக மலையேறுகிறேன்.

ஈசிஜி எடுத்தார்கள், மக்னீசியம் குறைந்தால் இதயத் துடிப்பும் தடுமாறலாம். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே மக்னீசியம் மாத்திரை கொடுத்தார்கள். அது முதல் வாரம் வயிற்றைக் கலக்கியது. பழைய கேஸ் மாத்திரையை மாற்றியதும் நெஞ்செரிச்சல் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அந்தப் பதினைந்து நாள்தான் உண்மையான அவதி. ஏழு டம்ளர் காப்பி இரண்டாகக் குறைந்தது. காப்பி, தூக்கமின்மை, மக்னீசியம் மூன்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது என்றார் மருத்துவர். கால் இழுத்தாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ மட்டும் உடனே வரச் சொன்னார்.

ஆறு வாரத்தில் அளவு 1.9க்கு வந்தது. துடிப்பும் பெரும்பாலும் அடங்கிவிட்டது. இரவு நேரம் கழித்துப் படுத்தால் இன்னமும் எப்போதாவது சுண்டுகிறது, அதுவும் இப்போது வலது காலில். அம்மாவுக்கு அதில் முழுத் திருப்தி.