புகைக்குழாயைப் பாருங்கள்

அமெரிக்காவின் ஓஷ்கோஷில் ஜூலைக் கடைசியில் நடக்கும் விமானத் திருவிழாவுக்குப் போனால் நான் முதலில் தேடுவது, மூக்கின் இரண்டு பக்கமும் தடித்த புகைக்குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், ஆட்கள் சொந்தமாகக் கட்டிய சின்ன விமானங்களைத்தான். ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் பிடி6 என்ற டர்பைன் எஞ்சினில் காற்று பின்பக்கமாக நுழைந்து முன்னோக்கி ஓடுவதால், புகை ப்ரொப்பெல்லருக்குச் சற்றுப் பின்னாலேயே வெளியே வந்துவிடும். ஆனால் செக் நாட்டு வால்டர் எம்601 எஞ்சினும் அதே அமைப்புதான், அதனால் குழாயை மட்டும் நம்பி எஞ்சின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

நாலு பேர் உட்காரும் ஒல்லியான உடம்பு என்றால் லான்கேர் எவல்யூஷனாக இருக்கலாம், 750 குதிரைத்திறன். எபிக் எல்டி என்றால் ஆறு இருக்கை, 1200 குதிரைத்திறன், பக்கத்தில் நின்றாலே பெரிசு தெரியும். குழப்பம் எங்கே என்றால், 2019-இல் தொழிற்சாலைத் தயாரிப்பாகச் சான்றிதழ் வாங்கிய எபிக் இ1000 பார்க்க அச்சு அசல் எல்டி மாதிரியே இருக்கும்! அப்போது கதவுப் பக்கம் போய் 'எக்ஸ்பெரிமென்டல்' (சோதனை வகை, சொந்தமாகக் கட்டிய விமானங்கள் இதில்தான் வரும்) என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். சட்டப்படி குறைந்தது 2 அங்குல உயரத்தில் எழுதியிருக்க வேண்டும், இ1000-இல் அது இருக்காது. சரி, விமானம் பறந்துவிட்டதா? போட்டோவில் 'N' என்று தொடங்கும் பதிவு எண் தெரிந்தால் போதும், அமெரிக்க விமானப் பதிவேட்டில் தட்டினால் எஞ்சின் வரைக்கும் வந்துவிடும்.