மோர்க்கெதிட் நாள்கள்

நவம்பர் 29, வெள்ளி

வட நோர்வேயின் ட்ரொம்சோவில் சூரியன் தலைகாட்டி ஒரு கிழமை ஆகிறது. இனி ஜனவரி 21 வரை மோர்க்கெதிட், அதாவது இருட்டுக் காலம். கும்மிருட்டு என்று ஊரில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை, நடுப்பகலில் இரண்டு மூன்று மணித்தியாலம் வானமும் பனியும் நீலமாய்க் கிடக்கும். அப்புறம் மூடிவிடும்.

இன்றிரவு டாக்சியில் ஏழு ஹயர். ஐந்து பேர் நல்ல குடிவெறி. யூலெபோர்ட் தொடங்கிவிட்டதே, கம்பனிகள் வைக்கும் நத்தார் விருந்து. உதடு வெடித்த ஒருவர், "எல்லாம் இந்த இருட்டால்தான்" என்றார். இருட்டா அண்ணை உங்களுக்குக் குத்தியது?

டிசம்பர் 8, ஞாயிறு

லீவு. இருட்டால்தான் அடிதடி கூடுகிறதா என்று தேடி வாசித்தேன். பெல்ஜியத்துக் கணக்கறிஞர் கெட்லே 1830களிலேயே பிரான்ஸின் குற்றப் பதிவுகளைப் பார்த்து, அடிதடி கோடையில் கூடும், களவு குளிரில் கூடும் என்று எழுதியிருக்கிறார். பின்லாந்தில் 1996 முதல் 2013 வரையான கணக்கும் அதைத்தான் சொல்கிறது: வெப்பம் ஏற ஏற வன்முறையும் ஏறுகிறது. யோசித்தால் சரிதான். ஜூனில் விடிகாலை மூன்று மணிக்குப் பளீர் வெயிலில் மூக்கு உடைந்தவர்களை நானே ஏற்றியிருக்கிறேன். குளிரில் யார் வெளியே நின்று சண்டை பிடிப்பது?

வழிப்பறி வேறு கதை. 2007இல் அமெரிக்காவில் கோடை நேரத்தை, அதாவது மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைக்கும் காலத்தை, சில வாரம் நீட்டினார்கள். மாலையில் வெளிச்சம் கூடிய அந்த நேரத்தில் வழிப்பறி குறைந்ததாம். இருட்டு கள்ளனுக்குத்தான் கூட்டு, வெறிக்குட்டிக்கு இல்லை.

டிசம்பர் 12

எழுத ஒன்றுமில்லை. மனிசி மீனெண்ணெய்க் கரண்டியோடு நிற்கிறா.

டிசம்பர் 17, செவ்வாய்

என் டாக்சியில் வழக்கமாய் வரும் கிழவர் இன்றும் கூப்பிட்டார். கடையில் எட்டு மணிக்கு பியர் விற்பதை நிறுத்திவிடுவார்கள். ஏழரைக்கே போய் ஆறு டின் வாங்குவார். வீட்டு வாசலில் காசு தந்த பிறகும் இறங்கவில்லை. அக்கம்பக்கத்து யன்னல் எல்லாவற்றிலும் நத்தார் நட்சத்திர விளக்கு. அவருடையதில் மட்டும் இல்லை. பியர்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னொரு சுற்றுப் போவோமா?" என்றார். மீட்டரை நிற்பாட்டிவிட்டுப் பாலம் வரை போய்த் திரும்பினேன். இருவரும் பேசவில்லை. இவர் யாரையும் அடிக்கப் போவதில்லை, எந்தப் பொலிஸ் கணக்கிலும் வரப் போவதில்லை. எனக்கென்னவோ, இருட்டு செய்யும் வேலை இதுதான் என்று படுகிறது.

ஜனவரி 21, செவ்வாய்

சூரியன் திரும்பும் நாள். முழுக்க முகில். சூரியன் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, ஊரே சூல்பொலர், அதாவது ஜாம் வைத்த சூரியப் பணிஸ், தின்கிறது. கிழவர் பகல் பதினொன்றரைக்குக் கூப்பிட்டார். அந்த நேரத்தில் இதுவே முதல் தடவை. பேக்கரிக்குத்தான். இரண்டு பணிஸ் வாங்கி வந்து ஒன்றை என்னிடம் நீட்டினார். ஜாம் முழுக்க சீற்றில்.