அடிலெய்டு ஆர்கேடின் இரண்டாவது காலடி

கடைகள் அடைத்து, வாசல்களும் பூட்டிய பிறகு அடிலெய்டு ஆர்கேடுக்குள் இரவு ரவுண்டு போகிறவர் காதில் இரண்டு பேர் நடக்கிற சத்தம் கேட்கும். ஒன்று அவருடைய காலடி. இன்னொன்று கொஞ்சம் பின்தங்கி வரும். அவர் நின்றால் அது இன்னும் ஒரு எட்டு வைத்துவிட்டுத்தான் நிற்கும். அந்த இரண்டாவது காலடிக்கு ஊரே ஒரு பெயர் வைத்திருக்கிறது: பிரான்சிஸ் க்ளூனி.

தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரில், இன்று ரண்டில் மால் என்று அழைக்கப்படும் பழைய ரண்டில் வீதிக்கும் கிரென்ஃபெல் வீதிக்கும் நடுவே ஓடுகிறது இந்த ஆர்கேடு. கண்ணாடிக் கூரை போட்ட கடைவீதி என்று சொன்னால் நம் ஆட்களுக்கு எளிதாகப் புரியும். விதால் அண்ட் வெல்ஸ் என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. 1885 டிசம்பர் 12-ஆம் தேதி ஆளுநர் சர் வில்லியம் ராபின்சன் திறந்து வைத்தார். கீழே ஏறக்குறைய 50 கடைகள், மேலே அறைகள், இரு வாசல்களுக்கும் தலைக்கு மேல் குவிமாடம். அந்த ஊரில் பொது மின்சாரமே இல்லாத காலத்தில் இந்தக் கட்டடம் தனக்கென்று என்ஜினும் டைனமோவும் வைத்து மின் விளக்கு போட்டுக்கொண்டது. அன்றைய ஜனங்கள் கடை பார்க்க வந்தார்களோ இல்லையோ, வெளிச்சம் பார்க்க வந்திருப்பார்கள்.

க்ளூனி அங்கே பீடில். ஆர்கேடைக் காவல் காக்கிற பழைய பதவி அது. லண்டனில் 1819-இல் திறந்த பர்லிங்டன் ஆர்கேடுதான் முன்மாதிரி; அதன் உரிமையாளர் ஜார்ஜ் கேவெண்டிஷ் பிரபு, தம் பழைய குதிரைப்படைப் பிரிவின் ஆட்களையே பீடில்களாக அமர்த்தினார். சீருடைக் கோட்டு, தொப்பி. விசில் அடிக்கக் கூடாது, ஓடக் கூடாது, குடை விரிக்கக் கூடாது என்று வருகிறவர்களிடம் சொல்வது வேலை. வாட்ச்மேன், வழிகாட்டி, பஞ்சாயத்து பண்ணுகிறவர் எல்லாம் ஒரே ஆள். பழைய கட்டடங்களில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: தனியாக ஆள் போடாத வேலையெல்லாம் கடைசியில் காவலுக்கு நிற்கிறவர் தலையில்தான் வந்து விடியும்.

1887-இல், விக்டோரியா மகாராணியின் ஜூபிலி ஆண்டில், க்ளூனி இயந்திர அறைக்குள் இயந்திரத்தில் விழுந்து சிக்கி இறந்தார். விளக்குகள் மினுக்கியதால் என்னவென்று பார்க்கப் போனார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். பேய் உலாவைக் கூட்டிப் போகிறவர்கள் இந்த இடத்தை ஒரே வரியில் முடித்துவிட்டு, மேல்மாடியில் கேட்கிற பூட்ஸ் சத்தத்துக்குத் தாவிவிடுகிறார்கள். அது எனக்கு ஒப்பவில்லை. அந்த ஒரு வரிக்குள்தான் விஷயமே இருக்கிறது.

விளக்கு ஏன் மினுக்கும்? அக்காலத்து ஏற்பாட்டில் அதற்குக் காரணங்கள் ஏராளம். ஆர்க் விளக்கில் இரண்டு கரிக்குச்சிகளுக்கு நடுவே தீப்பொறிப் பாலம் எரியும். குச்சி மணிக்கு சுமார் இரண்டரை சென்டிமீட்டர் தேயும். தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்யும் பொறி ஒரு நொடி சிக்கினாலும் வெளிச்சம் துடிக்கும். டைனமோவிலோ, சுழலும் செப்புப் பட்டைகளின் மேல், மின்சாரத்தை வெளியே எடுக்கும் ‘பிரஷ்’ என்ற தொடுதுண்டு உரசிக்கொண்டே இருக்கும். சுமை கூடினால் அந்த பிரஷ்ஷைக் கொஞ்சம் நகர்த்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பொறி பறக்கும். அதுவும் ஓடும்போதே கையால் செய்கிற வேலை. என்ஜினுக்கும் டைனமோவுக்கும் நடுவே தட்டையான தோல் பெல்ட். ஈரக்காற்றிலோ எண்ணெய் பட்டோ அது வழுக்கினால் டைனமோவின் வேகம் குறையும், விளக்கு மங்கும்; பிடித்துக்கொண்டதும் சட்டென்று பளிச்சிடும். கடையில் நிற்கிற வாடிக்கையாளருக்கு அது மினுக்கல். இயந்திர அறையில் நிற்கிறவருக்கு அது பெல்ட் சறுக்குகிற கிறீச்.

பெல்ட் சறுக்கினால் அன்றைய ஆட்கள் செய்தது, ஓடுகிற பெல்ட்டின் உட்புறத்தில் குங்கிலியப் பிசின் தேய்ப்பது. இயந்திரத்தை நிறுத்தினால் ஆர்கேடு முழுக்க இருட்டாகிவிடும் என்பதால் நிறுத்த யாருக்கும் மனம் வராது. இது எவ்வளவு ஆபத்து என்று காட்டச் சில எண்கள் போதும். இரண்டு மீட்டர் விட்டமுள்ள ஃபிளைவீல், அதாவது என்ஜினின் கனமான சுழல்சக்கரம் ஒன்று, நிமிடத்துக்கு 120 சுற்று ஓடினால் அதன் விளிம்பின் வேகம் நொடிக்கு 12.5 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். பார்ப்பதற்கு நிதானமாகச் சுற்றுவது போலத்தான் இருக்கும். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள சுழல்தண்டு நிமிடத்துக்கு 200 சுற்று ஓடினால் அதில் மாட்டிய துணி நொடிக்கு ஒரு மீட்டர் சுருட்டப்படும். நீளக் கோட்டின் ஓரம் பட்டால், கையை இழுத்துக்கொள்ள நினைப்பதற்குள் ஆள் தண்டின் மேல் இருப்பார். எரிபொருளை நிறுத்தினாலும் சக்கரம் உடனே நிற்காது. ஒரு டன் எடை விளிம்பில் அந்த வேகத்தில் கிட்டத்தட்ட 80 கிலோஜூல் சேர்ந்திருக்கும், அது தீர்கிறவரை சுற்றும்.

வாசலில் நிற்பதற்குத் தைத்த சீருடை இயந்திர அறைக்கு ஆகாது. பழைய கட்டடங்களில் வேலை பார்க்கிற எங்கள் தொழிலில் இன்று முதல் நாளே சொல்லித் தருவது இதுதான்: தொங்குகிற எதுவும் உடம்பில் கூடாது, சுவிட்சை அணைத்து, உன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியை உன் பையில் வை, பெயர்ச்சீட்டைத் தொங்கவிடு, சுழலுவது முழுக்க நிற்கிறவரை காத்திரு, பிறகு ஒரு முறை ஸ்டார்ட் பண்ணிப் பார், ஓடவில்லை என்று உறுதியான பிறகே கை வை. இதில் காத்திருப்பதையும் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதையும்தான் ஆட்கள் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். பூட்டு போட்டாயிற்றே என்ற தைரியம். தவறான சுவிட்சுக்குப் பூட்டு போட்டிருப்பது அப்புறம்தான் தெரியும்.

க்ளூனி காலத்தில் இதெல்லாம் எங்கே இருந்தது? பிரிட்டனில் 1844-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஃபிளைவீலுக்கு வேலி போடச் சொன்னது, ஆனால் நெசவாலைகளுக்கு மட்டும். தெற்கு ஆஸ்திரேலியாவுக்கு முதல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது 1894-இல், அவர் இறந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு. கடைவீதியின் பின்னறையில் ஓடுகிற இயந்திரத்தை ஆபத்தான இடமாக யாரும் எண்ணிப் பார்க்காத நாள் அது. வெளிச்சம் முன்பக்கம், சக்கரம் பின்பக்கம்.

அங்கே சொல்லப்படும் மற்றக் கதைகளும் இதே போல உண்மையான சாவுகளில் போய்த்தான் முடிகின்றன. 1902-இல் மாடி அறையில் ஒரு சின்னப் பையன் காஸ் பட்டு இறந்தான். மாடியில் குழந்தை நடமாட்டம் என்று சொல்கிறவர்கள் சொல்வது அவனைத்தான். அன்றைய காஸ், நிலக்கரியிலிருந்து எடுத்தது; அதில் கார்பன் மோனாக்சைடு கணிசமாக இருந்தது. ரத்தத்தின் ஹீமோகுளோபினில் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக ஒட்டிக்கொள்ளும். சுடர் அணைந்தால் தானாக மூடிக்கொள்ளும் வால்வு கிடையாது. குழாய் திறந்தே இருந்தால், கதவு சாத்திய சின்ன அறையில் தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். 1904-இல் ஃப்ளாரன்ஸ் ஹார்ட்டன் என்ற பெண்ணை ஆர்கேடை ஒட்டிய ரண்டில் வீதியில் அவள் கணவனே சுட்டுக் கொன்றான். அதே ஆண்டு அவனைத் தூக்கில் போட்டார்கள். வெள்ளை உடுப்பு, தேம்பல் என்று பேய்க்கதை அவளுக்கு என்னென்னவோ பூசுகிறது. புருஷனை விட்டுத் தப்பிக்கப் பார்த்த ஒரு பெண்ணின் கதை அது, அவ்வளவே போதுமான பயங்கரம்.

இனி அந்தச் சத்தங்களுக்கு வருவோம். இரவு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம், பயப்படாதே என்று மட்டும் சொல்லி அனுப்புவதில் பிரயோஜனம் இல்லை. சத்தத்தை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தர வேண்டும்.

முதலில் அந்த இரண்டாவது காலடி. தளம் ஓடு, இருபுறமும் கண்ணாடி, நீண்ட குறுகலான வழி. ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும். எதிரே 50 மீட்டரில் மூடிய கதவு இருந்தால் காலடிச் சத்தம் போய்த் திரும்ப ஏறக்குறைய 0.3 நொடி. சாதாரண நடையில் இரண்டு எட்டுக்கு நடுவே அரை நொடிக்குச் சற்று மேல். ஆகவே எதிரொலி சரியாக இரண்டு எட்டுகளுக்கு நடுவில் வந்து விழுகிறது. இன்னொருவர் கூட நடப்பது போலவே இருக்கும். நின்றால் கடைசி எட்டு ஒன்று தனியாகக் கேட்கும். கதவை நெருங்க நெருங்க அந்த ஆள் உங்களை எட்டிப் பிடிப்பது போல இடைவெளி சுருங்கும். எட்டு மீட்டருக்குள் வந்ததும் காதால் பிரிக்க முடியாமல் உங்களோடு கலந்துவிடுவார். ரப்பர் அடி போட்ட ஷூவில் இதெல்லாம் நடக்காது. தோல் அடி, கெட்டிக் குதிகால் வேண்டும். சந்தேகம் இருந்தால் நின்ற இடத்திலேயே ஒரு முறை கையைத் தட்டிப் பார்க்கலாம்.

அடுத்தது கூரை. இரும்பு, ஒரு டிகிரி வெப்பத்துக்கு மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். அடிலெய்டில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டும். 2019 ஜனவரி 24 அன்று 46.6 வரை போனது. கண்ணாடிக்கு அடியில் சுட்டுக்கிடந்த 30 மீட்டர் இரும்பு வரிசை, சூரியன் போனபின் 20 டிகிரி இறங்கினால் ஏழு மில்லிமீட்டர் சுருங்க வேண்டும். கண்ணாடி அந்த அளவு சுருங்காது. கண்ணாடியைச் சட்டத்தில் ஒட்டிப் பிடிக்கிற பசையான பழைய புட்டி இறுகிப்போயிருக்கும். அதனால் வழுக்கிக்கொண்டு சுருங்காமல், ‘டக்... டக்... டக்’ என்று இணைப்பு இணைப்பாக விட்டு விட்டு நகரும். இருட்டிய பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இது அடங்கிவிடும். மேல்மாடியில் ஒருவர் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடப்பது போலத்தான் கேட்கும், ஏனென்றால் குளிர்ச்சி நிழல் விழுகிற பக்கத்திலிருந்து வரிசையாகப் பரவுகிறது. புட்டி இறுகிப்போனதைக் கவனிக்காமல் விட்டால் ஒரு நாள் கண்ணாடி கீறும், பிறகு ஒழுகும். ஆகவே அந்த டக் டக்கை நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பது பேய்க்காக இல்லாவிட்டாலும் கூரைக்காக உதவும்.

தானாகத் திறக்கிற கதவு மூன்றாவது. உள்ளே காற்று வெளியைவிட பத்து டிகிரி சூடு, உயரம் பத்து மீட்டர் என்று வைத்தால், மேலே திறப்பு இருக்கும் வரை கீழே சுமார் நான்கு பாஸ்கல் அழுத்த வித்தியாசம் வரும். இரண்டு சதுர மீட்டர் கதவின் மேல் அது எட்டு நியூட்டன், முக்கால் கிலோவுக்கு மேல் எடை வைத்துத் தள்ளுவது போல. கொண்டி சரியாக விழாத, கீலில் எண்ணெய் போட்ட கதவு அதற்கே ஆடும். கொண்டியையும் கீலையும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்.

கரகரவென்று மூச்சுவிடும் சத்தம், கூரைக்குள் தொப்பென்று விழும் சத்தம் இரண்டுக்கும் அந்த ஊரில் ஒரு பழைய குடித்தனக்காரர் உண்டு: போசம். நம்மூர் மரநாயைப் போல வீட்டுக் கூரைக்குள் புகுந்துகொள்ளும் பிராணி. ஆண் போசம் இருட்டில் இருமுவதைக் கேட்டால் வயசான மனிதர் ஒருவர் தொண்டையைச் செருமுகிறார் என்றே தோன்றும்.

நேரம், அன்றைய வெப்பம், காற்று எந்தப் பக்கம், எந்தக் கதவு, லிஃப்ட் ஓடியதா, தண்ணீர்க் குழாய் திறந்து மூடினார்களா. இந்த ஆறையும் ஒவ்வொரு முறையும் எழுதி வைத்தால் ஒரு மாதத்தில் முக்கால்வாசிச் சத்தங்களுக்கு முகவரி கிடைத்துவிடும். கிடைக்காத மீதி இருந்தாலும் இருக்கட்டும். அதற்கும் க்ளூனியின் பெயரை வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. பெயர் மறக்காமல் இருக்கிறதே.

1901 நவம்பரில் கிரென்ஃபெல் வீதியின் கிழக்குப் பகுதியில் நகரத்துக்கான மின் நிலையம் திறந்தது. அதற்குப் பிறகு கடைகளின் பின்னறைகளில் தனித்தனியாக என்ஜின் ஓட்ட வேண்டிய அவசியம் மெல்ல மெல்ல இல்லாமல் போனது. அந்தச் செங்கல் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஆர்கேடின் கிரென்ஃபெல் வீதி வாசலில் இறங்கிக் கிழக்கே நடந்தால் போய்ச் சேரலாம். கதை கேட்க வருகிறவர்களை மாடிக்கு ஏற்றுவதற்கு முன்னால் அந்த வாசலில் ஒரு நிமிடம் நிறுத்தி, வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம்.