எம்பிராய்டரி செய்முறைத் தேர்வா? முதலில் செடியைப் பாருங்கள்

ஃபேஷன் டிசைன் படிப்பில் எம்பிராய்டரி செய்முறைத் தேர்வுக்கு 'இயற்கை' என்று தலைப்பு வந்தால், பலரும் போனில் ஒரு ரோஜாப் படத்தைத் தேடி டிரேஸ் எடுத்துப் பழகுகிறார்கள். அது வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அது வேறொருவர் ஏற்கெனவே தையலாக மாற்றிவிட்ட பூ. எந்த இடத்துக்கு எந்தத் தையல் என்று முடிவெடுக்கும் வேலை உங்களுக்கு அதில் இல்லை. வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அதைத்தான் கேட்பார்கள்.

தைத்த மாதிரிகளைத் தொகுத்து வைக்கும் என் ரெக்கார்டுக்கு நான் எடுத்தது வேப்பிலை. ஓர் ஈர்க்கு பறித்து மேசையில் வைத்துப் பாருங்கள். நரம்பு இலையின் நடுவில் ஓடாது. ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். இலை லேசாக வளைந்து, விளிம்பெல்லாம் ரம்பப் பல்லாக இருக்கும். நெருக்கமான நேர்த் தையல்களால் இடத்தை நிரப்பும் சாட்டின் தையலில் நிரப்பினால் இதெல்லாம் மழுங்கி, வெறும் பச்சைத் திட்டாகிவிடும். நடு நரம்பின் இரு பக்கமும் மாறி மாறிச் சாய்வாகப் போடும் ஃபிஷ்போன் தையல்தான் இதற்குப் பொருந்தும். முதலில் நரம்பை வளைவாக வரைந்துகொள்ளுங்கள். அகலமான பக்கத்தில் நீளத் தையல், ஒடுங்கிய பக்கத்தில் குட்டைத் தையல். இரண்டு மூன்று தையலுக்கு ஒருமுறை ஊசியை விளிம்புக் கோட்டுக்கு ஒரு நூலிழை வெளியே இறக்கினால் பல் தானாக வந்துவிடும். நுனிக் கொழுந்து செம்பு நிறம், கீழே போகப் போகக் கரும்பச்சை. அதனால் நிறத் தேர்வையும் செடியே செய்து கொடுத்துவிடுகிறது.

கடையில் வாங்கும் எம்பிராய்டரி நூலில் 6 இழை இருக்கும். இலைக்கு 2 இழை, ஈர்க்குக்குக் காம்புத் தையலில் 3 இழை போதும். வேப்பம்பூ மொட்டுக்கு பிரெஞ்சு நாட், அதாவது நூலை ஊசியில் சுற்றிப் போடும் முடிச்சு. மொட்டு பெரிதாக வேண்டுமென்றால் ஊசியில் கூடுதலாகச் சுற்றாமல், இழையைக் கூட்டுங்கள். முடிச்சு சரியாமல் நிற்கும். இழைகளை ஒவ்வொன்றாக உருவிப் பிறகு சேர்த்துக் கோத்தால் தையல் தட்டையாக, பளபளப்பாகப் படியும். சின்ன வேலைதான், ஆனால் தூரத்திலிருந்து பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

தேர்வு நேரம் எங்களுக்கு 3 மணி. ஒரே ஈர்க்கு, நாலைந்து இலை, ஒரு கொத்து மொட்டு என்று அளவாக வைத்துக்கொண்டால் நிதானமாக முடிக்கலாம். துணி நிறைய அரைகுறையாகத் தைப்பதைவிட இதுதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

அப்புறம் வைவா. பாரம்பரிய எம்பிராய்டரிகளை ஊர், தையல் பெயர் என்று மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாதீர்கள். இயற்கையை அவற்றைத் தைத்தவர்கள் எப்படித் தையலாக்கினார்கள் என்று பாருங்கள். லக்னோவின் சிக்கன்காரி எம்பிராய்டரியில் அரிசி வடிவில் வருவது முர்ரி, தினை மணி அளவு முடிச்சு ஃபந்தா. கர்நாடகத்தின் தார்வாட் பக்கத்துக் கசூத்தி எம்பிராய்டரியில் கவந்தி, முர்கி, நெய்கெ, மெந்தெ என்று நான்கே தையல். மயிலும் யானையும் அதிலேயே வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது நீலகிரியின் தோடர் பழங்குடியினரின் எம்பிராய்டரி. 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூல். டிரேஸ் கிடையாது, துணியின் பாவு (நீள), ஊடு (குறுக்கு) இழைகளை எண்ணி எண்ணியே தைக்கிறார்கள். எருமைக் கொம்பு அங்கே வளைகோடாக வராமல் நேர்க்கோடுகளாலான வடிவமாக மாறுகிறது. இழை எண்ணித் தைப்பதற்கு அதுதான் இயல்பு. இதை ரெக்கார்டில் ஒரு சின்ன மாதிரியாகத் தைத்து, பக்கத்திலேயே உங்கள் வேப்பிலையை வையுங்கள். வரைந்து தைப்பது ஒன்று, எண்ணித் தைப்பது இன்னொன்று என்பதைத் துணியையே காட்டி விளக்கலாம்.

கடைசியாக ஒன்று: தண்ணீரில் அழியும் பேனாவால் வரைந்திருந்தால், கோட்டை நனைத்து அழித்துக் காயவைத்த பிறகே இஸ்திரி போடுங்கள். சூடு பட்டால் மை துணியில் தங்கிவிடும்.