மூக்குத்தியால் தள்ளிப்போன ஸ்கேன்

மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொள்பவர்களின் மூளை காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் ஓர் ஆய்வில் சேர்ந்திருந்தேன். மருந்து தொடங்குமுன் ஒன்று, எட்டாம் வாரத்தில் ஒன்று, ஆறாம் மாதத்தில் ஒன்று என மூன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள். ஒப்புதல் படிவமும், மனச்சோர்வின் அளவைக் காட்டும் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9 தாளும் அரை மணி நேரத்தில் முடிந்தன; எண் கூடக் கூடச் சோர்வும் கூடுதல் என்ற அந்தக் கணக்கில் 27க்கு எனக்கு 19.

முதல் நாளே திரும்பி வர நேர்ந்தது. தொலைபேசியில் "நகை போடாம வாங்க" என்று மட்டும் சொல்லியிருந்ததால், தாலிச் சங்கிலியையும் மெட்டியையும் வீட்டிலேயே கழற்றி வைத்திருந்தேன்; பதினாறு ஆண்டுகளாகக் கழற்றாத மூக்குத்தி நினைவுக்கே வரவில்லை. தங்கம் காந்தத்தில் ஒட்டாதே என்றேன். "தங்கம் ஒட்டாதும்மா, திருகுல என்ன கலந்திருக்கோ? ஒட்டலைன்னாலும் முன்மூளைப் பக்கம் படம் கலங்கிடும்" என்றார் டெக்னீஷியன். அவர் சொன்னது நியாயம்தான்; அதை முன்பே சொல்லியிருக்கலாம். மறுநாள் ஆசாரி தேங்காய் எண்ணெய் விட்டுத் திருகைக் கழற்றியபோது கண்ணில் நீர் வந்துவிட்டது.

எட்டாம் வாரத்தில் காபி. காலை ஆறு மணிக்குக் குடித்த ஒரு டம்ளர் ஃபில்டர் காபிக்காக மறுபடியும் திருப்பி அனுப்பினார்கள். மூளை இயக்கத்தைக் காட்டும் இந்த ஸ்கேன் உண்மையில் அளப்பது ரத்தத்திலுள்ள ஆக்சிஜன் மாற்றத்தைத்தான். காஃபின் மூளைக்குச் செல்லும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். முதல் ஸ்கேனின்போது நான் எதுவும் குடித்திருக்கவில்லை என்பதால், காபியால் வந்த வேறுபாட்டை மருந்தின் பலனாகக் கணக்கிட்டுவிடும் அபாயம் இருந்தது. இத்தகைய ஆய்வில் சேருபவர்கள் முதல் ஸ்கேன் அன்று என்ன குடித்தோம், எத்தனை மணி நேரம் தூங்கினோம், என்ன மாத்திரை போட்டோம் என்பதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையும் கேட்டு வாங்குங்கள். முதுகு வலித்தால் தலை தானாக அசையும், சிறிய அசைவும் படத்தைக் கெடுக்கும்.

ஆறாம் மாதம், வழக்கமான 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்த வலிமையின் அலகு) கருவியில் நெரிசல் என்று பக்கத்து அறையிலிருந்த 1.5 டெஸ்லா கருவிக்கு என்னை அனுப்பப் பார்த்தார்கள். கருவி மாறினாலே அளவுகளும் மாறுமே என்று கேட்டு, மாலை ஐந்து மணி வரை பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். பிறகு வந்த ஆய்வாளர், நான் மறுத்ததே சரி என்றார். அன்று கேள்வித்தாளில் 7 வந்ததைவிட அதுதான் எனக்கு அதிக மகிழ்ச்சி தந்தது.

உண்மையில் சுட்டது வேறு. முதல் ஸ்கேனின் அறிக்கையில் குறை ஏதும் இல்லை என்று இருந்ததைப் படித்த நாத்தனார், "மூளையில ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்கே அண்ணி, அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்றாள். எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டாய்வு, மனச்சோர்வுள்ள 1,728 பேரையும் இல்லாத 7,199 பேரையும் ஒப்பிட்ட பிறகுதான், நினைவாற்றலோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் சராசரியில் சற்றே சிறியதாக இருப்பதைக் காண முடிந்தது. ஒருவருடைய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவருக்கு மனச்சோர்வு உண்டு, இல்லை என்று சொல்ல முடியாது. இதை அவளுக்கு விளக்க எனக்கு அப்போது தெம்பில்லை. அறிக்கையை வீட்டில் கண்ணில் படும்படி வைக்காதீர்கள்.

ஓராண்டு முடிவில் நான்காவது ஸ்கேனும் வேண்டும் என்கிறார்கள். அதுவரை மூக்குத் துவாரம் தூர்ந்துவிடாதிருக்க ஒரு வேப்பங்குச்சியைச் செருகி வைத்திருக்கிறேன்.