கற்பித்தல் மேம்பாட்டு மானியம்: எழுதும் முன் விடைத்தாளைப் பாருங்கள்

ஆராய்ச்சிக்குப் பலமுறை நிதி வாங்கிய பேராசிரியர்கள்கூட, கற்பித்தலை மேம்படுத்தப் பல்கலைக்கழகம் தரும் மானியத்துக்கு எழுதும்போது சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். தொகை சிறியது, படிவம் நாலைந்து பக்கம்தான், சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்று உட்காருவார்கள். படிவமும் நிரம்பிவிடும். ஆனால் இந்தப் பாடத்தில் மாணவர்களுக்கு என்னதான் பிரச்சினை என்பது, படிக்கிறவருக்குக் கடைசி வரை பிடிபடாது. இந்த மானியத்தை நான் வாங்கியும் இருக்கிறேன், தேர்வுக் குழுவில் உட்கார்ந்து மற்றவர்களின் விண்ணப்பங்களைப் படித்தும் இருக்கிறேன். முதல் முறை எழுதப் போகிறவர்களுக்கு உதவும் என்று தோன்றுவதைச் சொல்கிறேன்.

குழுவுக்கு வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஒரு கருவியில்தான் தொடங்கும். பாடங்களைக் காணொளியாக்கப் போகிறோம், மெய்நிகர் ஆய்வகம் அமைக்கப் போகிறோம், செயலி ஒன்று உருவாக்கப் போகிறோம். கருவி எதுவானாலும் அடுத்த பத்தி மாறாது: இன்றைய மாணவர்களுக்குக் கவனம் சிதறுகிறது, ஆர்வம் குறைந்துவிட்டது, ஆகவே புதுமை தேவை. இதைப் படித்துத் தலையாட்டலாம், பணம் கொடுக்க முடியாது. கவனம் எந்த இடத்தில் சிதறுகிறது, அந்த இடத்துக்குக் காணொளி எப்படி மருந்தாகும் என்று யாரும் சொல்வதில்லை.

எனவே படிவத்தைத் திறக்கும் முன் போன வருட விடைத்தாள்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் பட்டியல் போதாது. எத்தனை பேர் தேறவில்லை என்பதைப் பட்டியல் சொல்லும். எந்த வரியில் வழுக்கினார்கள் என்பதை விடைத்தாள்தான் சொல்லும்.

ஓர் எடுத்துக்காட்டு. முதலாண்டுப் புள்ளியியலில் எங்கும் கேட்கப்படும் கணக்கு இது. ஒரு நோய் நூற்றில் ஒருவருக்கு இருக்கிறது. நோய் உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைச் சோதனை சரியாகக் கண்டுபிடிக்கும். நோய் இல்லாதவர்களிலும் 9 சதவீதம் பேருக்கு ‘இருக்கிறது’ என்று தவறாகக் காட்டும். ஒருவருக்கு ‘இருக்கிறது’ என்று முடிவு வந்துவிட்டது. அவருக்கு உண்மையிலேயே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? விடைத்தாள்களை மதிப்பெண்ணை வைத்து அடுக்காமல், தவற்றின் வகையை வைத்துப் பிரித்துப் பாருங்கள். சிலர் எந்தக் கணக்கும் போடாமல் 90 சதவீதம் என்று எழுதியிருப்பார்கள். சிலர் சூத்திரத்தைப் பிசகில்லாமல் எழுதிவிட்டு, எண்களை இடம் மாற்றிப் போட்டிருப்பார்கள். இன்னும் சிலர் எல்லாம் சரியாகச் செய்து கடைசி வகுத்தலில் கோட்டை விட்டிருப்பார்கள். மூன்று பேருக்கும் கிடைத்தது பூஜ்யம் அல்லது அரை மதிப்பெண்தான். ஆனால் மூன்றாமவருக்குத் தேவை கொஞ்சம் பயிற்சி. முதலாமவருக்கு எத்தனை பயிற்சித் தாள் கொடுத்தாலும் பயனில்லை, ஏனென்றால் ‘நோய் உள்ளவருக்குச் சோதனை காட்டும் வாய்ப்பு’, ‘சோதனை காட்டியவருக்கு நோய் இருக்கும் வாய்ப்பு’ இரண்டும் வேறு வேறு என்பதே அவர் மனத்தில் இல்லை.

இந்த இடத்துக்கு வந்துவிட்டால் விண்ணப்பத்தில் பாதி முடிந்த மாதிரி. ‘நிபந்தனை நிகழ்தகவில், அதாவது ஒன்று தெரிந்திருக்கும்போது மற்றொன்றுக்கு உள்ள வாய்ப்பைக் கணக்கிடுவதில், மாணவர்கள் திசையைக் குழப்பிக்கொள்கிறார்கள், இத்தனை விடைத்தாள்களில் இத்தனையில் இந்தத் தவறு இருக்கிறது’ என்று உங்கள் சொந்த எண்ணிக்கையோடு முதல் பத்தியில் எழுதலாம். வேறு துறைக்காரருக்கும் இது புரியும். குழுவில் இருப்பவர்களில் பாதிப் பேர் உங்கள் துறையைச் சேர்ந்தவர்களாக இருக்க மாட்டார்கள். இலக்கியம் நடத்துபவரும் கட்டடப் பொறியியல் நடத்துபவரும் ஒன்றாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் இருவருக்கும் விளங்க வேண்டியது உங்கள் முதல் பக்கம் மட்டும்தான்.

அப்புறம், இந்தத் தவற்றை வேறு யாராவது ஆராய்ந்திருக்கிறார்களா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும். நான் சொன்ன கணக்கையே எடுத்தால், கெர்ட் கிகரென்ட்சரும் உல்ரிக் ஹாஃப்ராகேயும் 1995இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. சதவீதத்தில் கேட்பதை விட்டுவிட்டு ‘ஆயிரம் பேரில் இத்தனை பேர்’ என்று ஆள் எண்ணிக்கையாகக் கேட்டால், சரியாகச் சிந்திப்பவர்கள் கணிசமாகக் கூடுகிறார்கள் என்று அவர்கள் காட்டினார்கள். போட்டுப் பாருங்கள்: ஆயிரம் பேரில் 10 பேருக்கு நோய், அவர்களில் 9 பேரைச் சோதனை பிடிக்கிறது. மீதி 990 பேரில் சுமார் 89 பேருக்குத் தவறாகக் காட்டுகிறது. ஆக மொத்தம் 98 பேர், அவர்களில் நோயாளிகள் 9 பேர். விடை ஏறத்தாழ 9 சதவீதம். 90 என்று எழுதியவர், எண்களை இப்படிப் பெட்டி பெட்டியாகப் பிரித்து எழுதிப் பார்த்ததும் தானே நிமிர்ந்து உட்காருவார். இப்போது உங்கள் திட்டத்துக்கு ஓர் உருவம் கிடைத்துவிட்டது: வாராந்திர டுடோரியலில் சிறு குழுக்களாக இந்த முறையில் கணக்குப் போட வைப்பது, அதற்கான கணக்குத் தொகுப்பைத் தயாரிப்பது, டுடோரியல் நடத்தும் உதவியாளர்களுக்குப் பயிற்சி தருவது. கருவி ஏதாவது வேண்டுமென்றால் அது இதற்குப் பின்னால் வரட்டும்.

பொதுவான ஆதாரமும் ஒன்றிரண்டு வரி போதும். ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 2014இல், அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் செய்யப்பட்ட 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடக்கும் வகுப்புகளில் தேறாதவர்கள் சராசரியாக 34 சதவீதம், மாணவர்கள் செயலில் ஈடுபடும் வகுப்புகளில் 22 சதவீதம். குழுவில் பலருக்கும் இது தெரிந்த செய்தி. இதை வைத்தே இரண்டு பக்கம் ஓட்டாதீர்கள். அந்த இடத்தை உங்கள் பாடத்தின் ஆதாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சொற்களில் ஒரு விஷயம் கவனியுங்கள். ‘பின்தங்கிய மாணவர்களுக்குச் சிறப்பு வகுப்பு’ என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும், வகுப்புக்கு ஆள் வராது. அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் போய் உட்கார எந்த மாணவருக்கு மனம் வரும்? மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் 1973இல் தொடங்கிய துணைக் கற்பித்தல் முறை இதை அழகாகத் தாண்டியது. மாணவர்களில் யார் பலவீனமானவர் என்று பார்க்காமல், எந்தப் பாடம் கடினமானது என்று பார்த்தார்கள். அந்தப் பாடத்தை ஏற்கெனவே நன்றாக முடித்த மூத்த மாணவர் ஒருவர் மீண்டும் வகுப்பில் வந்து உட்காருவார், பிறகு விருப்பப்பட்டவர்களுக்குக் குழுப் பயிற்சி நடத்துவார். முதல் மதிப்பெண் வாங்குபவரும் வரலாம். இன்று பல நாடுகளில் இது நடக்கிறது. உங்கள் திட்டத்திலும் யார் முகத்திலும் முத்திரை குத்தாத அமைப்பு இருந்தால் குழு அதைக் கவனிக்கும்.

சரி, பட்ஜெட்டுக்கு வருவோம். நான் அதிகம் சண்டை போட்டது இதற்காகத்தான். மடிக்கணினி, கேமரா, மென்பொருள் உரிமம் என்று பட்டியல் போடத்தான் எல்லோருக்கும் கை போகிறது. பல மானிய விதிகள் பொருள் வாங்குவதற்கே வரம்பு வைத்திருக்கும். கற்பித்தலை மாற்றத் தேவைப்படுவது பெரும்பாலும் ஆட்களின் நேரம். டுடோரியல் உதவியாளர் நேரம், கணக்குத் தொகுப்பு எழுதும் நேரம், விடைத்தாள்களை வகைப்படுத்தும் நேரம், முடிந்தால் உங்கள் பணிச்சுமையில் ஒரு பாடக் குறைப்பு. இதைக் கணக்காகவே காட்டுங்கள்: 2 உதவியாளர்கள், வாரம் 6 மணி நேரம், 14 வாரம், மொத்தம் 168 மணி நேரம், மணிக்கு இவ்வளவு. முழு எண்ணாக ஒரு பெருந்தொகை போட்டு ‘உதவியாளர் ஊதியம்’ என்று எழுதியிருந்தால், அது யோசிக்காமல் போட்டது என்று பார்த்த உடனே தெரியும். மாநாட்டுப் பயணத்துக்கு ஒரு வரி போடலாம், தப்பில்லை. அதுவே பட்ஜெட்டில் பெரிய வரியாக இருந்தால் குழுவில் யாராவது புருவத்தை உயர்த்துவார்.

காலத் திட்டத்திலும் ஒரு கண்ணி உண்டு. அனுமதிக் கடிதம் வந்த அன்றே பணம் வராது. வந்தாலும் உதவியாளர் நியமனத்துக்கு நிர்வாகத்தில் கோப்பு நகர வேண்டும். அதற்குள் செமஸ்டரில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். ஆகவே முதல் செமஸ்டரில் பழைய முறையிலேயே நடத்தி அடிப்படை நிலையை அளக்கிறோம், தொகுப்பைத் தயாரிக்கிறோம். இரண்டாம் செமஸ்டரில் புதிய முறை என்று போடுங்கள். தாமதமானாலும் திட்டம் உடையாது. அடிப்படை அளவீடும் கையில் இருக்கும்.

மதிப்பீட்டுப் பகுதிதான் பெரும்பாலான விண்ணப்பங்கள் நொண்டும் இடம். ‘செமஸ்டர் முடிவில் மாணவர்களிடம் கருத்துப் படிவம் வாங்குவோம்’ என்று ஒரு வரியோடு முடித்துவிடுகிறார்கள். மாணவர்களுக்குப் பிடித்திருந்ததா என்பதும் அவர்கள் கற்றார்களா என்பதும் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை. ஹார்வர்டில் அறிமுக இயற்பியல் வகுப்புகளில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், செயல்வழி வகுப்பில் இருந்தவர்கள் தேர்வில் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் தாங்கள் குறைவாகக் கற்றதாகத்தான் அவர்கள் உணர்ந்தார்கள். மண்டையைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு, ஒன்றும் ஏறவில்லை என்று தோன்றுவது இயல்பு. சரளமான விரிவுரை கேட்டால் எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். கருத்துப் படிவத்தை மட்டும் நம்பினால் நல்ல திட்டமே தோற்ற மாதிரி தெரியும்.

அதனால் அதே வகைக் கேள்வியை முன்னும் பின்னும் கேளுங்கள். எண்களையும் கதையையும் மாற்றுங்கள், அமைப்பு மாறக் கூடாது. முன்னேற்றத்தைச் சொல்ல ரிச்சர்ட் ஹேக் 1998இல் பயன்படுத்திய எளிய விகிதம் பல துறைகளுக்கும் பொருந்தும்: கூடிய மதிப்பெண்ணை, கூடுவதற்கு மீதம் இருந்த மதிப்பெண்ணால் வகுப்பது. சராசரி 40இலிருந்து 70 ஆனால், கூடியது 30, மீதம் இருந்தது 60, விகிதம் 0.5. அறிமுக இயற்பியல் படிக்கும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் தரவில், வழக்கமான வகுப்புகளுக்கு இது சராசரியாக 0.23, ஈடுபாட்டு வகுப்புகளுக்கு 0.48 என்று அவர் கண்டார். உங்கள் பாடம் வேறு என்றால் இந்த எண்களை இலக்காக வைக்காதீர்கள், முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஆரம்பத் தேர்வு மிக எளிதாக இருந்தால் எல்லோரும் 85 வாங்கிவிடுவார்கள், பிறகு எதையும் அளக்க முடியாது.

ஒரு பிரிவுக்குப் புதிய முறை, இன்னொரு பிரிவுக்குப் பழைய முறை என்று ஒப்பிட ஆசை வரும். பழைய பிரிவு மாணவர் ‘எங்களுக்கு ஏன் இல்லை?’ என்று கேட்டால் என்ன பதில்? நான் பார்த்ததில் நல்ல தீர்வு, படிப்படியாக விரிப்பது. இந்த செமஸ்டரில் ஒரு பிரிவு, அடுத்ததில் எல்லாப் பிரிவுகளும். கூடவே போன வருட விடைத்தாள்களை அதே வகைப்பாட்டில் பிரித்து வைத்திருந்தால் அதுவும் ஓர் ஒப்பீடு.

மாணவர் தரவை வெளியிடும் எண்ணம் இருந்தால் நெறிமுறைக் குழு அனுமதி தேவையா என்று முதலிலேயே விசாரியுங்கள். மதிப்பெண் போடுகிற நீங்களே நேரில் நின்று ‘சம்மதமா?’ என்று கேட்டால் எந்த மாணவரும் மறுக்க மாட்டார். அது சம்மதம் ஆகாது. பாடத்தோடு தொடர்பில்லாத ஒருவர் ஒப்புதல் படிவம் வாங்கட்டும், யார் ஒப்புக்கொண்டார் என்பதை இறுதி மதிப்பெண்களை ஒப்படைத்த பிறகு நீங்கள் பாருங்கள். இந்த இரண்டு வரி விண்ணப்பத்தில் இருந்தாலே அனுபவசாலி எழுதியது என்று தெரிந்துவிடும்.

பணம் தீர்ந்த பிறகு என்ன ஆகும் என்ற கேள்விக்கு ‘துறை தொடர்ந்து நடத்தும்’ என்று எழுதினால் துறைக்கே அது தெரியாது என்பதுதான் பெரும்பாலும் நிலைமை. இயற்பியல் நோபல் பெற்ற கார்ல் வீமன், கொலராடோவிலும் பிறகு பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் நடத்திய அறிவியல் கல்வித் திட்டத்தில் நிதியைத் தனி ஆசிரியருக்குத் தராமல் துறைக்குத் தந்தார். அந்தந்தப் பாடத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்களை அமர்த்தி, ஆசிரியர்களோடு சேர்ந்து பாடங்களை மாற்றியமைக்க வைத்தார்கள். உங்கள் மானியம் அவ்வளவு பெரிதாக இருக்காது. ஆனாலும் அதே பாடத்தை அடுத்த வருடம் நடத்தப் போகிறவரை இப்போதே இணை விண்ணப்பதாரராகச் சேர்க்கலாம். துறைத் தலைவரின் கடிதத்தில் வாழ்த்து வேண்டாம். ‘கணக்குத் தொகுப்பு துறையின் பொதுச் சேமிப்பில் இருக்கும், மூன்று வருடம் டுடோரியல் நேரம் அட்டவணையில் ஒதுக்கப்படும்’ என்ற மாதிரி வரி இருக்கட்டும்.

நேர்காணல் இருந்தால் இரண்டு கேள்விக்குத் தயாராகப் போங்கள். பணம் இல்லாமலே இதை ஏன் செய்ய முடியாது? இது வேலை செய்யவில்லை என்றால் உங்களுக்கு எப்படித் தெரியும்? முதல் கேள்விக்குப் பதில் நீங்கள் பட்ஜெட்டில் காட்டிய மணி நேரக் கணக்கிலேயே இருக்கிறது. இரண்டாவதுக்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. ‘இரண்டாம் செமஸ்டர் முடிவில் திசைக் குழப்பத் தவறு பாதியாகக்கூடக் குறையாவிட்டால், எங்கள் கணிப்பு தவறு’ என்று ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால் அறையில் பேச்சே மாறிவிடும்.

கிடைக்கவில்லை என்றால் குழுவின் கருத்துகளை எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் கேட்டால்தான் தருவார்கள். அடுத்த சுற்றில் அந்தக் கருத்துகளுக்கு எப்படிப் பதில் சொல்லியிருக்கிறீர்கள் என்று அரைப் பக்கம் சேர்த்து அனுப்புங்கள். அதற்குள் இன்னொரு செமஸ்டரின் விடைத்தாள்களும் கைக்கு வந்திருக்கும், அவற்றையும் அதே மூன்று வகையில் பிரித்து எண்ணிக்கையைப் புதுப்பித்துவிடுங்கள்.