கொடுவாவின் செவுளுக்காக மூன்று பயணங்கள்

தம்பலகாமக் குடாவில் எனக்கு இரண்டு மிதவைக் கூடுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றிலிருந்த கொடுவா மீன்கள் இரை எடுக்காமல், நீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்தபடி திணறத் தொடங்கியபோது, ஒட்சிசன் குறைந்துவிட்டது என்றே எண்ணி நான்கு நாட்களை வீணாக்கினேன். பிறகு, செத்து மிதந்த மூன்று மீன்களை ஐஸில் வைத்து, ரெஜிபோம் பெட்டியுடன் திருகோணமலை நகருக்கு பஸ் ஏறினேன்.

நான் சென்ற அலுவலகத்தில் இருந்த லிகிதர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வளர்ப்புப் பதிவின் பிரதியும் கிராம சேவகரின் கடிதமும் இல்லாமல் மாதிரியைப் பொறுப்பேற்க முடியாது என்றார். “அதற்குள் மீன் அழுகிவிடுமே, ஐயா” என்றேன். “கடிதம் அழுகாதுதானே, தம்பி” என்றார்.

கடிதம் பெற ஆறு நாட்கள் சென்றன. அதுவரை உறைய வைத்திருந்த அதே மீன்களைத் திரும்பவும் கொண்டுபோனதுதான் நான் செய்த பெரிய பிழை. பரிசோதித்த உத்தியோகத்தர் செவுள் மூடியைத் தூக்கியதும் தலையசைத்தார். உருகிய செவுள் கூழாகியிருந்தது. மீன் இறந்ததும் முதலில் கெடும் உறுப்புகளுள் செவுளும் ஒன்று என்றும், ஒட்டுண்ணிகளிற் சில அப்போதே பிடியை விட்டுவிடும் என்றும் அவர் விளக்கினார். உயிரோடு கொண்டுவர முடியாவிட்டால், மீன் செத்தவுடனேயே செவுளை வெட்டி 70 சதவீத எதனோலில் இடவேண்டுமாம். மரபணுச் சோதனை தேவைப்படலாம் என்றால் போமலின் கூடாது. இதை அந்த லிகிதர் முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு பயணம் மிஞ்சியிருக்கும்.

மூன்றாம் முறை, அலங்கார மீன் கடைக்காரர் ஒருவரிடம் கெஞ்சி, ஒட்சிசன் நிரப்பிய பைகளில் திணறிக்கொண்டிருந்த இரண்டு மீன்களை உயிரோடு கொண்டுசென்றேன். விடை பத்தே நிமிடத்தில் கிடைத்தது. வெளிறிய செவுள் இழைகளுக்கிடையே, சில மில்லிமீற்றர் நீளத்தில் செம்பழுப்பு நிறமான துணிக்கைகள் தெரிந்தன. நுணுக்குக்காட்டியில் அவை இரண்டு முட்டைச் சரங்களைச் சுமந்த பெண் கோபிபோட்டுகள், அதாவது இறால், நண்டுக்கு உறவான சிற்றுயிர்கள். கொடுவாவின் செவுளைப் பற்றி இரத்தம் குடிக்கும் லெர்னாந்த்ரோபஸ் இனம் என்றார் உத்தியோகத்தர். ஓர் இடது செவுள் வளைவில் மட்டும் ஒன்பதை நானே எண்ணினேன். மூச்சுத் திணறலுக்குக் காரணம் நீரில் இல்லை, மீனிலேயே இருந்தது என்று அறிந்தபோது, இத்தனை அலைச்சலுக்குப் பின்னும் மனம் சற்று இலேசானது.

முட்டையிலிருந்து வெளிவரும் குடம்பிகள் நீரில் நீந்தித் திரிவதால் அடுத்த கூடும் தப்பாது என்று எச்சரித்தார். ஆகவே பாசி படர்ந்த வலைகளை மாற்றி, கூடுகளை விலக்கிக் கட்டி, மீன் நெருக்கத்தைக் குறைத்தேன். மருந்தைக் கடைக்காரர் சொல் கேட்டு ஊற்றிவிடாதீர்கள். ஒட்டுண்ணி இன்னதென்று தெரியுமுன் ஊற்றுவது, ஏற்கெனவே புண்பட்ட செவுளை மேலும் எரிக்கும்.

கிராம சேவகரின் கடிதத்தை மூன்றாம் முறை எவரும் கேட்கவில்லை. இப்போது வாரம் ஒருமுறை இரண்டாம் கூட்டிலிருந்து ஐந்து மீன்களைப் பிடித்துச் செவுளைப் பார்க்கிறேன். நேற்று ஒன்றில் மட்டும் ஒரு கோபிபோட் இருந்தது.